டிக்கி ஓவன்: இடப்பக்கம் திரும்பிய ஒரு பாஸ்

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. ரக்பியில் கேரத் எட்வர்ட்ஸுக்கு முன்னால் வேல்ஸில் பெயர் சொல்லும்படியான ஸ்க்ரம்-ஹாஃப் யாராவது இருந்தாரா என்பது ஒன்று. 1905-ல் நியூசிலாந்தைத் தோற்கடித்த டிரையை, அதாவது எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் புள்ளியை, வைத்தவர் டெடி மோர்கன் என்றால், டிக்கி ஓவன் பெயரை ஏன் அதோடு சேர்த்தே சொல்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை ஒரே ஆள்தான். ரிச்சர்ட் மோர்கன் ஓவன், ஸ்வான்சி நகரத்து எஃகாலைத் தொழிலாளி. 1901 முதல் 1912 வரை வேல்ஸுக்காக 35 சர்வதேச ஆட்டங்கள் ஆடியவர். ஆண்டுக்கு மூன்று நான்கு சர்வதேச ஆட்டம்தான் நடக்கும் என்றிருந்த காலத்தில் 35 என்பது பெரிய எண்ணிக்கை. 1950-களின் நடுவில் நியூபோர்ட்டின் கென் ஜோன்ஸ் தாண்டும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதுதான் வேல்ஸின் சாதனை. நடுவில் ஒரு போர் இல்லை, இரண்டு போர் வந்து போயின.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். உயரம் 5 அடி 4 அங்குலம், உடம்பும் அதற்குத் தகுந்தாற்போல்தான். ரக்பியில் ஃபார்வர்டுகள், அதாவது ஸ்க்ரமில் முட்டி மோதும் முன்னணி ஆட்டக்காரர்கள், மலை மலையாக வந்து மோதும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டியவர் ஸ்க்ரம்-ஹாஃப். ஸ்க்ரம் என்ற மனிதக் குவியலின் கால்களுக்கிடையே பந்து வெளியே வந்ததும் அதை எடுத்து, எதிராளி மேலே விழுவதற்குள் தன் ஆட்டக்காரருக்குக் கொடுத்தாக வேண்டும். ஓவன் அதைப் பதினோரு ஆண்டு செய்தார். 'பாக்கெட் ஆரக்கிள்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். சட்டைப்பைக்குள் அடங்குகிற குறிசொல்லி என்று வைத்துக்கொள்ளலாம். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று நாம் சொல்வோமே, அவருக்கென்றே சொன்னது போல இருக்கும்.

அவர் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஊர் இல்லாமல் அந்த ஆட்டம் இல்லை. ஸ்வான்சி பள்ளத்தாக்கு அந்தக் காலத்தில் செம்பு உருக்குவதிலும் தகரத் தகடு செய்வதிலும் எஃகிலும் உலகப் புகழ் பெற்றது. ஆலைப் புகை ஒரு பக்கம், கடற்கரையை ஒட்டிய செயின்ட் ஹெலன்ஸ் மைதானம் மறுபக்கம். ஸ்வான்சி கிளப்புக்கு முழு வெள்ளைச் சீருடை. அதனாலேயே 'ஆல் வைட்ஸ்' என்று பெயர். 1904–05 பருவம் முழுவதும் அந்த கிளப் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. அந்த அணியின் மையம் ஓவன். அவருக்கு வெளியே, அவர் கொடுக்கும் பந்தை முதலில் வாங்கும் அவுட்சைட்-ஹாஃப் இடத்தில், டிக் ஜோன்ஸ். இருவரும் டிக் என்பதால் 'டான்சிங் டிக்ஸ்', ஆடும் டிக்குகள், என்று கூட்டம் கொண்டாடியது. ஒருவர் எங்கே ஓடுவார் என்று மற்றவர் பார்க்கத் தேவையே இல்லாத ஜோடி. வேல்ஸ் அணியிலும் பல ஆட்டங்களில் இதே ஜோடிதான் இறங்கியது.

தொழிலாளி என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரக்பி யூனியனில் அன்று யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாத நாளின் கூலியைக்கூட கிளப் ஈடுசெய்யக் கூடாது. இந்தக் கூலிப் பிரச்சினையில்தான் வட இங்கிலாந்து கிளப்புகள் 1895-ல் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடித் தனியாகப் பிரிந்தன; இன்றைய ரக்பி லீக்கின் பிறப்பு அதுதான். பணம் கொடுக்கும் அந்தப் பக்கம் வேல்ஸின் நல்ல ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து இழுத்தது. ஓவனுக்கு முன் ஸ்வான்சியின் ஹாஃப் ஜோடியாக இருந்த எவன் ஜேம்ஸ், டேவிட் ஜேம்ஸ் சகோதரர்கள் 1899-ல் அந்த வட இங்கிலாந்து கிளப்புகளில் ஒன்றான பிராட்டன் ரேஞ்சர்ஸுக்குப் போய்விட்டார்கள். ஓவன் போகவில்லை. கடைசி வரை ஸ்வான்சியிலேயே இருந்தார்.

சம்பளமில்லாத ஆட்டத்தின் விலை எங்கே தெரிகிறது என்றால், வெளிநாட்டுப் பயணத்தில். 1904-ல் பிரிட்டிஷ் அணி ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனது. பெர்சி புஷ், ரீஸ் கேப், டெடி மோர்கன், வில்லி லெவெலின் என்று வேல்ஸின் பேக் வரிசையே, அதாவது பந்தை எடுத்து ஓடும் பின்வரிசையே, கப்பலேறியது. ஸ்க்ரம்-ஹாஃபாகப் போனவர் நியூபோர்ட்டின் டாமி வைல். வைல் அப்போது வேல்ஸுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை, ஏனென்றால் வேல்ஸில் அந்த இடத்தில் ஓவன் உட்கார்ந்திருந்தார். மாதக்கணக்கில் கூலியில்லாமல் கடல் கடப்பது எஃகாலைத் தொழிலாளிக்கு எவ்வளவு சாத்தியம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். பிரிட்டிஷ் அணிக்காக டெஸ்ட் ஆடிவிட்டுத் திரும்பிய வைல், வேல்ஸ் சட்டையை முதல்முறை போட 1908 வரை காத்திருந்தார். ஓவன் எப்பேர்ப்பட்டவர் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியை நான் தேடவில்லை.

சரி, 1905-க்கு வருவோம். நீங்கள் கேட்டதன் சாரம் இங்கேதான் இருக்கிறது.

டேவ் கேலஹர் தலைமையில் வந்த நியூசிலாந்து அணி கார்டிஃபுக்கு வரும்போது 27 ஆட்டம் ஆடி 27-லும் வென்றிருந்தது. ஸ்காட்லாந்து 12–7, அயர்லாந்து 15–0, இங்கிலாந்து 15–0 என்று மூன்று நாடுகளையும் வரிசையாக முடித்துவிட்டு வந்தார்கள். அவர்கள் ஆட்டமுறையே வேறு. மற்ற நாடுகள் எட்டு ஃபார்வர்டுகளை ஸ்க்ரமில் வைத்தபோது இவர்கள் ஏழு பேரை 2–3–2 என்று வைர வடிவில் நிறுத்தினார்கள். மிச்சமான ஒருவர் 'விங்-ஃபார்வர்டு', அதுவும் கேலஹரே. ஸ்க்ரமுக்குப் பந்தைப் போட்டுவிட்டு அதன் ஓரத்திலேயே நின்றுகொள்வார். நியூசிலாந்துக்குப் பந்து கிடைத்தால், எதிரணி ஹாஃப் தங்கள் ஹாஃபை நெருங்க முடியாதபடி அவர் உடம்பு நடுவில் இருக்கும். எதிரணிக்குப் பந்து கிடைத்தால், அவர்கள் ஹாஃப் மேல் பாய்வதற்கு முதலில் தயாராக இருப்பவரும் அவரே. பிரிட்டன் பத்திரிகைகள் இதை வஞ்சனை என்று திட்டித் தீர்த்தன. வேல்ஸில் திட்டுவதோடு நிற்காமல் இதற்கு என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து யோசித்தார்கள்.

யோசித்ததன் விளைவு: வேல்ஸும் ஒரு ஃபார்வர்டைக் குறைத்தது. அந்த இடத்தில் பாண்டிபூலின் கிளிஃப் பிரிட்சார்டை எட்டாவது பேக்காகச் சேர்த்தார்கள். ஸ்க்ரமுக்கும் ஒரு தந்திரம். நியூசிலாந்தின் முன்வரிசையில் இரண்டே பேர். அவர்கள் குனியும் வரை பொறுத்திருந்து, பந்து வரும் பக்கத்தில் தங்கள் தலை இருக்கும்படி பார்த்துக் கடைசி நொடியில் குனிய வேண்டும். ஸ்க்ரமுக்குள் பந்தைக் காலால் பின்னுக்கு இழுக்கும் ஹுக்கராக ஜார்ஜ் டிராவர்ஸ் போன்ற கைதேர்ந்தவர் இருந்ததால் இது செல்லுபடியானது. இவை அணியாக எடுத்த முடிவுகள். ஓவன் கொண்டுவந்தது வேறு ஒன்று: பந்து கிடைத்த பிறகு அதை வைத்து என்ன செய்வது என்ற திட்டம். அதைப் பயிற்சியில் ரகசியமாக ஒத்திகை பார்த்தார்கள்.

1905 டிசம்பர் 16. கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் ஏறக்குறைய 47,000 பேர். நியூசிலாந்துக்காரர்கள் ஹாக்கா என்ற மாவோரி நடனத்தை ஆடி முடித்ததும், டெடி மோர்கன் எடுத்துக் கொடுக்க வேல்ஸ் ஆட்டக்காரர்கள் தங்கள் தாய்மொழியில் நாட்டுப் பாட்டைப் பாடினார்கள், கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஒரு விளையாட்டு ஆட்டத்துக்கு முன் நாட்டுப் பண் பாடிய முதல் நிகழ்ச்சி என்று இதைத்தான் பலரும் குறிப்பிடுகிறார்கள்.

இப்போது அந்த டிரை. இதை வாசித்துக்கொண்டே போனால் புரியாது. மேஜைமேல் கொஞ்சம் நாணயங்களை எடுத்து வையுங்கள்; நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். நடுவில் ஒரு கைப்பிடி நாணயம், அது ஸ்க்ரம். அதன் பின்னால் ஒன்று, ஓவன். அவருக்கு வலப்பக்கம் வரிசையாக மூன்று: புஷ், கேப்டன் க்வின் நிக்கல்ஸ், வலது விங் லெவெலின். இடப்பக்கம் மூன்று: கிளிஃப் பிரிட்சார்ட், ரீஸ் கேப், இடது விங் மோர்கன். எதிரே நியூசிலாந்துக்கும் சில நாணயங்கள். ஆட்டம் தொடங்கியதிலிருந்து ஓவன் பந்தை எடுத்ததும் வலப்பக்கம் புஷ்ஷிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியா வரை போய்ப் பேர் வாங்கியவர் புஷ், எந்த நேரம் என்ன செய்வார் என்று தெரியாது. நியூசிலாந்துத் தடுப்பாளர்களின் கண் தானாகவே அவர் மேல் போகும். அந்தக் கண்ணோட்டத்தைத்தான் ஓவன் நிமிடம் நிமிடமாகச் சேமித்துக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்கு முன் ஒரு ஸ்க்ரம். வேல்ஸுக்குப் பந்து. ஓவன் எடுத்தார், வலப்பக்கம் ஓடத் தொடங்கினார். புஷ், நிக்கல்ஸ், லெவெலின் மூவரும் பந்து வருகிறது என்றே ஓடினார்கள். உங்கள் மேஜையில் நியூசிலாந்து நாணயங்கள் எல்லாவற்றையும் வலப்பக்கம் தள்ளுங்கள், அப்படித்தான் அவர்களும் போனார்கள். ஓவன் ஓடுகிற திசையிலேயே உடம்பு போய்க்கொண்டிருக்க, பந்தை மட்டும் நீளமாக இடப்பக்கம் திருப்பி எறிந்தார். அது தாழ்வாகத்தான் போனது. பிரிட்சார்ட் குனிந்து வாரி எடுத்து, ஒருவரைத் தன்னிடம் இழுத்துக்கொண்டு கேப்பிடம் கொடுத்தார். கேப் மோர்கனிடம். மோர்கன் அந்தக் காலத்து நல்ல ஓட்டக்காரர். கோட்டோரமாகப் பறந்து, எதிரே வந்த கில்லெட்டைத் தாண்டி, இடது மூலையில் பந்தைத் தரையில் வைத்தார். டிரைக்கு அன்று 3 புள்ளி. டிரைக்குப் பின் கூடுதல் புள்ளிக்காக வேல்ஸின் வின்ஃபீல்ட் உதைத்த கன்வர்ஷன் தவறியது. ஆட்டம் 3–0 என்றே முடிந்தது.

மோர்கனின் ஓட்டத்தை நான் குறைக்கவில்லை. அந்தக் கடைசி 20, 25 கஜத்தை அவரைப் போல் ஓட அணியில் வேறு ஆள் இல்லை. ஆனால் அந்தக் கஜங்கள் காலியாக இருந்ததே, அதை உண்டாக்கியவர் யார்? ஓடிக்கொண்டிருக்கும் திசைக்கு எதிர்த்திசையில், தன்னைச் சுற்றி நிற்கும் விங்-ஃபார்வர்டின் கைக்கு எட்டாத நீளத்தில், இருட்டில் ஊசி கோர்ப்பது போல எறிந்த அந்த ஒரு பாஸ். அதற்கும் முன்னால், அதுவரை அதே பாஸைக் கொடுக்காமல் பொறுத்திருந்த அந்தப் பொறுமை. ஒரே முறைதான் இது பலிக்கும் என்று ஓவனுக்குத் தெரியும். சீக்கிரம் எடுத்துச் செலவழித்திருந்தால் அன்று 3–0 இல்லை.

பாப் டீன்ஸ் விவகாரத்தைச் சொல்லாமல் போனால் கேட்பீர்கள். இரண்டாம் பாதியில் நியூசிலாந்தின் டீன்ஸ் கோட்டருகே பிடிபட்டார். தான் கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டதாகவும் வேல்ஸ்காரர்கள் பின்னுக்கு இழுத்துவிட்டதாகவும் மறுநாளே லண்டன் பத்திரிகைக்குத் தந்தி கொடுத்தார். நடுவர் ஜான் டல்லஸ், பந்து கோட்டுக்கு இப்பால் என்று தீர்ப்புச் சொன்னார். பிடித்தவர் கேப்பா மோர்கனா என்பதிலேயே வேல்ஸ் பக்கம் ஒருமித்த கருத்து கிடையாது. கேப் சொன்ன வாதம் எனக்கு ஏற்புடையது: டீன்ஸ் முன்னோக்கி நெளிந்தார், கோட்டைத் தாண்டியிருந்தால் நெளியத் தேவை என்ன? ஆனால் 120 ஆண்டாக இந்த ஒரு தகராறு அந்த ஆட்டத்தை விழுங்கிவிட்டது. ஓவன் பெயர் பின்னால் போனதற்கு அதுவும் காரணம். டிரை வைத்தாரா இல்லையா என்று பேசுவது எளிது. ஒரு பாஸைப் பற்றிப் பேச நாணயம் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் ஒரு நாள் அதிர்ஷ்டம் என்று நினைப்பவர்களுக்கு அடுத்த இரண்டு வாரக் கணக்கைக் காட்டலாம். நியூசிலாந்து வேல்ஸை விட்டுப் போகவில்லை. டிசம்பர் 23-ல் நியூபோர்ட்டிடம் 6–3, 26-ல் கார்டிஃபிடம் 10–8, 30-ல் ஸ்வான்சியிடம் 4–3. மூன்றிலும் வென்றார்கள், மூன்றிலும் மூச்சு முட்டித்தான் வென்றார்கள். கடைசி ஆட்டம் செயின்ட் ஹெலன்ஸில். ஸ்வான்சி ஒரு டிரை வைத்து முன்னால் இருந்தது. பில்லி வாலஸ் ஆட்ட ஓட்டத்திலேயே பந்தைத் தரையில் விட்டு, அது எழும்போது கம்பத்துக்கு மேலே உதைத்த ஒரு டிராப் கோல்தான் நியூசிலாந்தைக் காப்பாற்றியது. டிராப் கோலுக்கு அன்று 4 புள்ளி, டிரைக்கு 3. இன்றைய விதிப்படி கணக்குப் போட்டால் அந்த ஆட்டம் ஸ்வான்சிக்குப் போயிருக்கும். 35 ஆட்டம் ஆடிய அந்தப் பயணத்தில் நியூசிலாந்து தோற்றது ஒன்றே ஒன்று, டிசம்பர் 16.

அந்த வேல்ஸ் அணியில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். மோர்கன் மருத்துவம் படித்தவர். லெவெலின் டோனிபாண்டியில் மருந்துக்கடை வைத்தவர். 1910-ல் அங்கே சுரங்கத் தொழிலாளர் கலவரத்தில் கடைவீதி முழுக்க நொறுங்கியபோது அவர் கடையை மட்டும் யாரும் தொடவில்லை என்று சொல்வார்கள். நிக்கல்ஸ் சலவைத் தொழில் நடத்தியவர், பிறந்தது இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷயரில். இவர்களோடு ஸ்வான்சி எஃகாலையிலிருந்து ஓவனும் சுரங்கங்களிலிருந்து ஃபார்வர்டுகளும். இங்கிலாந்தில் இந்த இரண்டு கூட்டமும் ஒரே சட்டை போட்டு ஆடுவது அபூர்வம், கூலித் தகராறில் ஆட்டமே இரண்டாக உடைந்துவிட்டது. வேல்ஸில் டாக்டர் ஓடுவதற்குத் தொழிலாளி யோசித்துக் கொடுத்தார். என்னைக் கேட்டால் அந்தக் காலத்து வேல்ஸின் பலம் இதுதான். 1900 முதல் 1911 வரை ஆறு முறை அவர்கள் டிரிபிள் கிரவுன், அதாவது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து மூன்றையும் ஒரே பருவத்தில் வெல்வது, எடுத்தார்கள். 1902, 1905, 1908, 1909, 1911 என்று அதில் ஐந்து பருவங்களில் ஓவன் ஆடியிருக்கிறார்.

குறையே இல்லாதவர் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. கார்டிஃப்காரரான புஷ்ஷும் ஸ்வான்சிக்காரரான ஓவனும் ஒரே தாளத்தில் ஆடியவர்கள் இல்லை. புஷ் தன் கையில் பந்து வந்த பிறகு என்ன செய்யலாம் என்று அந்த நொடியில் முடிவெடுப்பவர். ஓவன் பந்து வருவதற்கு முன்பே முடிவெடுத்துவிடுபவர். டிக் ஜோன்ஸோடும், பிற்காலத்தில் பில்லி ட்ரூவோடும் ஆடும்போதுதான் ஓவன் முழுமையாகத் தெரிந்தார். இருவரும் அவர் கிளப்காரர்கள். தோல்விகளும் இருந்தன. நியூசிலாந்தை வென்று ஒரு வருடம் ஆவதற்குள், 1906 டிசம்பர் 1 அன்று, ஓவனின் சொந்த மைதானமான செயின்ட் ஹெலன்ஸிலேயே தென்னாப்பிரிக்கா வேல்ஸை 11–0 என்று தோற்கடித்தது. நிக்கல்ஸின் சர்வதேச வாழ்வு அந்த ஆட்டத்தோடு முடிந்தது. ஓவன் இன்னும் ஐந்து ஆண்டுக்கு மேல் ஆடினார்.

அந்தப் பிற்பாதியின் உச்சம் 1911. பிரான்ஸும் சேர்ந்து நான்கு எதிரணி. இங்கிலாந்து 15–11, ஸ்காட்லாந்து 32–10, பிரான்ஸ் 15–0, அயர்லாந்து 16–0. நான்கையும் வென்றார்கள், கிராண்ட் ஸ்லாம். ட்ரூ கேப்டன். பாரிஸ் ஆட்டத்தில் மட்டும் ஃபிரெஞ்சு பேசத் தெரிந்தவர் என்பதால் தலைமையை ஜானி வில்லியம்ஸிடம் விட்டுக்கொடுத்தார். வேல்ஸ் அடுத்த கிராண்ட் ஸ்லாமைப் பார்க்க 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஓவனின் கடைசி சர்வதேச ஆட்டம் 1912-ல், ஸ்காட்லாந்துக்கு எதிராக, ஸ்வான்சியில். அயர்லாந்தோடு 1901-ல் தொடங்கியதும் அதே மைதானத்தில்தான்.

பிறகு முதல் உலகப் போர். வேல்ஸின் சர்வதேச ஆட்டக்காரர்களில் பலர் திரும்பவில்லை. 1905-ல் ஃபார்வர்டாக அடித்து ஆடிய சார்லி பிரிட்சார்டும், பாரிஸில் கேப்டனாக நின்ற ஜானி வில்லியம்ஸும் 1916-ல் பிரான்ஸ் மண்ணில் இறந்தார்கள். எதிரணிக் கேப்டன் கேலஹர் 1917 அக்டோபரில், பெல்ஜியத்தின் பாஷண்டேல் போரில். ஸ்க்ரமின் ஓரத்தில் ஓவனை மறித்து நின்ற அதே மனிதர். ஓவன் 1932 வரை ஸ்வான்சியில் வாழ்ந்து மறைந்தார்.

கடைசியாக, எட்வர்ட்ஸைப் பற்றிய உங்கள் முதல் கேள்வி. எட்வர்ட்ஸ் 1967 முதல் 1978 வரை வேல்ஸுக்கு 53 ஆட்டம், ஒன்றைக்கூடத் தவறவிடாமல். பலம், வேகம், உதை, நீளமான சுழல் பாஸ் எல்லாம் ஒரே உடம்பில் இருந்தது. ஓவனிடம் அந்த உடம்பு இல்லை, அந்தப் பயிற்சி வசதியும் இல்லை. வாரம் முழுக்க எஃகாலை, ஆட்டத்துக்குச் சனிக்கிழமை. உலகின் சிறந்த ஸ்க்ரம்-ஹாஃப் யார் என்று கேட்டால் நானும் எட்வர்ட்ஸ் என்றே சொல்வேன். ஆனால் ஸ்க்ரம்-ஹாஃப் பந்தைக் கைமாற்றுகிறவர் மட்டுமில்லை, அங்கிருந்தே ஆட்டத்தை நடத்துகிறவர் என்று வேல்ஸுக்குக் காட்டியவர் ஓவன். 1973-ல் பல நாட்டு ஆட்டக்காரர்களை அழைத்துச் சேர்க்கும் பார்பேரியன்ஸ் கிளப்புக்காக எட்வர்ட்ஸ் நியூசிலாந்துக்கு எதிராகப் பாய்ந்து வைத்த டிரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது நடந்ததும் கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில், அதுவும் இடது மூலையில். அடுத்த முறை பார்க்கும்போது எட்வர்ட்ஸுக்கு முன்னால் பந்து எத்தனை கை மாறியது என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். பிறகு 1905-க்கு நாணயங்களை எடுத்து வையுங்கள்.